காரூன் ஏரியில் ஒரு சாவி

கெய்ரோ தாண்டி இரண்டு மணி நேரம்.
மணல், மணல், ஒரு சுங்கச்சாவடி, மறுபடி மணல்.
பிறகு முன்னறிவிப்பே இல்லாமல்
முட்டைக்கோஸ்.

ரிஸ்கல்லா வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.
எருமைச் சாணமும் புதினாவும் கலந்த காற்று
கூலி பேசாமல் ஏறி உட்கார்ந்தது.
"கடல் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறோம்,
நாற்பது மீட்டருக்கு மேல்.
காது அடைக்காது, பயப்படாதீர்கள்."
அடைத்தது.

முதல் பார்வைக்கு அது தண்ணீராகவே இல்லை.
ஆறிய பாலில் படிந்த ஆடை.
யாராவது விரலால் ஒதுக்கினால்
அடியில் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

இன்ஷிராஹ் வீட்டில் எனக்கு ஓர் அறை.
அறை இருந்தது. சாவி இல்லை.

மாவுப்பானையில் தேடினார்கள், வாத்துக்கூண்டில் தேடினார்கள்,
கொடியில் காய்ந்த அங்கியின் பைகளை
ஈரத்தோடு உள்வெளியாகப் புரட்டினார்கள்.
பக்கத்து வீட்டிலிருந்து இருவர்
தங்கள் சாவிகளோடு வந்தார்கள்.
எல்லாம் நுழைந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

கருவூலத்தின் சாவிகளைச் சுமக்க மட்டுமே
ஒரு கூட்டம் பலசாலிகள் தேவைப்பட்ட
அந்தக் காரூன் பேர்தான் இந்த ஏரிக்கும்.
மண் வாய் பிளந்து
மாளிகையோடு அவனை விழுங்கியது இங்கேதான் என்கிறார்கள்,
நேற்று முக்குச்சந்தில் நடந்த விபத்தைச் சொல்லும் குரலில்.
"அவனிடம் கேட்டுப் பாருங்களேன்"
என்று தண்ணீரைக் காட்டினாள் மகள் நிஃமா.
இன்ஷிராஹ் முறைத்தாள். எனக்குத் தேநீர் வந்தது.

கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்தேன்.
நைல் யூசுபின் கால்வாயாகப் பிரிந்து
கோதுமைக்குப் போய், கொய்யாவுக்குப் போய்,
குடித்தது போக மிச்சமெல்லாம் இங்கே வடிகிறது.
உள்ளே வர ஆயிரம் வாய்க்கால்.
வெளியேற
வெயில் மட்டும்.
வெயிலோ தண்ணீரைக் குடித்துவிட்டு
உப்பை இலையோரம் ஒதுக்கிவிடுகிறது.

முன்பு நன்னீராம், இன்னும் பெரியதாம்.
முதலைக்குக் காதணி போட்டுக் கும்பிட்டார்களாம்.
அதோ அந்த மேட்டுக்கு அப்பால், ரிஸ்கல்லா சொல்கிறார்,
மணலில் திமிங்கில எலும்புகள் கிடக்கின்றன.
அவற்றுக்குக் கால் உண்டு,
நடக்கப் போதாத கால்.
நான் நாளைக்குப் போகலாம் என்றேன்.
நாளைக்கு இருக்கும், என்றார் அவர்.

பூநாரைகள் தூரத்தில்
நின்ற காலில் நின்றன, ஒற்றைக் காலில்.
வெளிச்சம் குறையக் குறைய
அவற்றின் சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் தாமதித்தது.

நாணலுக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.
மஹ்ரூஸ், ஆறு வயது, இடுப்புவரை சேறு,
தூண்டில் நூலை இரு கையாலும் இழுக்கிறான்.
நுனியில் விரல் நீள மடவை ஒன்று துள்ளுகிறது.
ஒரு சாண் மேலே, கனத்துக்காகக் கட்டிய
என் அறைச் சாவி.

அடி விழும் என்று நினைத்தேன்.
இன்ஷிராஹ் பாவாடையில் சாவியைத் துடைத்தாள்,
மீனின் நீளத்தைப் பார்த்தாள்,
சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"காரூன் திருப்பிக் கொடுத்த ஒரே பொருள்"
என்றார் ரிஸ்கல்லா, சிலுவைக்குறி போட்டு.

இரவு அந்த மடவையும் பொரிந்தது,
சந்தையில் வாங்கிய நான்கு பெரிய மீன்களின் நடுவே.
வால் என் பங்கு.
பூட்டில் உப்பு கரகரத்தது.

காலையில் கிளம்பும்போது
சாவியை யாரிடம் கொடுப்பதென்று தேடவே வேண்டாம்.
மஹ்ரூஸ் ஏற்கெனவே வாசலில்,
ஒரு கையில் நூல்கண்டு,
மறு கையை நீட்டியபடி.