ஆறு நத்தை

காரைக்குடியில் புதிதாய்த் திறந்த பிரெஞ்சு உணவகம்.
எனக்குக் கறுப்புக் கோட்டு,
வாயில் நுழையாத பதினேழு பெயர்கள்.

பாரிஸ் டப்பா வந்து சேராத சனிக்கிழமை
புதுச்சேரி செஃப் கையைப் பிசைந்தார்.
அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.
கண்மாயில் இறங்கி
ஒரு தூக்குவாளி நிறைய அனுப்பினாள்.
நூற்றிருபது ரூபாய், பேரம் கிடையாதாம்.

பூண்டு, வெண்ணெய், கொத்தமல்லி மாதிரி ஏதோ ஒரு தழை.
ஆறு நத்தைக்கு ஆயிரத்து எண்ணூறு.

நான்காம் மேசையில் சாத்தப்பன்.
ஐந்தாம் வகுப்பில்
என் டிபன் பாக்ஸைத் திறந்து மூக்கைப் பொத்தியவன்.
இடுக்கி எந்தக் கையில் என்று
கண்ணால் கேட்டான்.

இடது, என்றேன்.

கடைசி ஓட்டைக் கவிழ்த்து அவன் உறிஞ்சும்போது,
மண்வாடை போக
இன்னொரு தண்ணி அலசியிருக்கலாமோ என்று
எனக்குத்தான்
கவலை.