ஏழாவது பெயர்

ஒரு மேற்கோளுக்கு ஒரு டாலர் இருபது காசு.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
டவுன்ஸ்வில்லில் இரவு பதினொன்று,
மின்விசிறி மூன்றில் ஓடுகிறது,
கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட்.
வெளியே கர்லூ பறவை
யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் கத்துகிறது.
வந்த புதிதில் போலீசைக் கூப்பிடப் போனேன்.
இப்போது அது கத்தக் கத்த
காற்புள்ளிகளை எண்ணுகிறேன்.

லோர்னா தமாத்தேயின் ஆய்வேடு.
போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வந்தவள்,
கொசுவைப் பற்றி நன்றாக எழுதுகிறாள்,
மேற்கோள் பட்டியல்தான் சந்தைக்கடை:
இதழின் பெயர் ஓரிடத்தில் சாய்ந்து, ஓரிடத்தில் நிமிர்ந்து;
ஆண்டு சில வரிகளில் அடைப்புக்குள்,
சில வரிகளில் தெருவில்.
பல்கலைக்கழகம் கேட்பது வான்கூவர் முறை.
வான்கூவரை நான் பார்த்ததில்லை,
அதன் சட்டத்துக்குள் குடியிருக்கிறேன்.
இதழின் பெயரைச் சுருக்கு.
ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, இடைவெளி விடாதே.
ஆறு பேர் வரை பெயர் சொல்,
ஏழாவது ஆளிலிருந்து ‘மற்றும் பலர்’.

எண்பத்தேழாவது மேற்கோளில்
லோர்னா எட்டுப் பேரையும் போட்டிருந்தாள்,
கல்யாணப் பத்திரிகையில்போல ஒருவரையும் விடாமல்.
ஏழாவதாக:

சடையப்பன் வ

ஒரு புள்ளிகூட இல்லாத அந்த வ நான்.
ஊரில் அப்பா ஓரெழுத்தாக எனக்கு முன்னால் நின்றார்,
ச. வளர்மதி என்று, குடை பிடிக்கிறவர் மாதிரி.
பாஸ்போர்ட்டில் இருவரும் இடம் மாறிக்கொண்டோம்.
மளிகைக் கடைக் கணக்கைத் தவிர
எதையும் எழுதாத மனிதர்
கொசுப்புழு ஆய்வாளர் ஆனார்.
பழைய கணக்கில் வ என்றால் கால்.
கால் பங்கு நான்.

சேலம், அம்மாபேட்டை, இரண்டாயிரத்து ஒன்பது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, நீல நிற டிரம்.
டார்ச் அடித்து, பிப்பெட்டில் உறிஞ்சி,
வெள்ளைத் தட்டில் விட்டு ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
அவை வாலால் சொடுக்கிச் சொடுக்கிக்
கணக்கைக் கலைத்தன.
“எதுக்கும்மா எண்ணிக்கிட்டு, கொட்டிட்டுப் போயேன்”
என்றாள் ஒருத்தி.
கொட்டப் போனால் கையைப் பிடித்துக்கொண்டாள்:
அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்துத்தான்.
கட்டுரை வந்த மாதம் நான் விசா வரிசையில்.
அதற்கப்புறம் என் பெயரில் அச்சானது
மின்கட்டண ரசீது மட்டும்.

விதி.
இதற்கும் அதற்கும் நம்மிடம் ஒரே சொல்.
கர்சரை வைத்து இழுத்தேன்.
அப்பா நீலமானார்.
அழுத்தினேன்.
எட்டாவதாக நின்ற துறைத்தலைவரும்
கூடவே போனார்.
ஒரு டிரம்மைக்கூடத் திறந்து பார்க்காதவர்.
அதில் ஒரு சின்ன சந்தோஷம்
இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாசகத்தைத் தொடக் கூடாது,
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது:
பட்டியல், புள்ளி, இடைவெளி, அவ்வளவுதான் என் எல்லை.
ஆனால் ஐம்பத்தாறாம் பக்கத்தில்
மூடிய டிரம்களில் புழு நாற்பத்தொரு சதவீதம் என்று எழுதி
எண்பத்தேழைச் சாட்சிக்கு இழுத்திருந்தாள்.

பதினான்கு, லோர்னா.
நாற்பத்தொன்று மூடாதவற்றில்.
குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன கணக்கு அது.

ஓரக் குறிப்பில்
“அட்டவணை மூன்றை ஒருமுறை பாருங்கள்”
என்று மட்டும் போட்டேன்.

காலையில் பதில், மூன்று ஆச்சரியக்குறியோடு:
நன்றி, நெறியாளர்கூடக் கவனிக்கவில்லை,
உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

மூலத்தைச் சரிபார்த்தேன் என்று எழுதி அனுப்பிவிட்டு
எண்பத்தெட்டுக்கு வந்தேன்.
ஆண்டு இல்லை. இணைப்பு செத்துவிட்டது.
இதற்கும் அதே ஒரு டாலர் இருபதுதான்.