லைன் போடுகிறவன்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு
இழுத்த வயர் மட்டும் தொண்ணூறு மீட்டர்.
முகப்பில் பெட்டியை மாட்டினால்
இரண்டாம் கட்டில் சிக்னல் செத்துவிடும்.
சுவர் அப்படி. டிரில் பிட் இரண்டு உடைந்தது.
அந்த வீட்டுப் பையன் சோலையப்பன், பத்தாவது,
ஏணியைப் பிடித்துக்கொண்டே ரகசியமாகக் கேட்டான்:
"அண்ணே, பின்கட்டு வரைக்கும் எட்டுமா?"
அவன் அம்மா அதைவிட ரகசியமாகக் கேட்டாள்:
"பின்கட்டுக்கு எட்டாம வைக்க முடியுமா தம்பி?"
இருவருக்கும் தலையாட்டினேன்.
எனக்கு இணைப்புக்கு முந்நூறு ரூபாய்.

பதினோரு வருஷமாகக்
காரைக்குடியைச் சுற்றி லைன் போடுகிறேன்.
ஒரு வீட்டில் என்ன சண்டை என்று
ரௌட்டர் இருக்கிற இடத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
பள்ளத்தூரில் ஒருவர் அதை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு
நெட் ஸ்லோ என்று புகார் கொடுத்தார்.
புதுவயல் ரைஸ்மில் கணக்கர் வீட்டில்
சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே இருக்கும்.
அவரும் மகளும் கை காய்ந்துபோனது தெரியாமல்
ஒரே திரையில் யாரோ ஆடும் சதுரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
"ஏதாவது பிளாக் பண்ணித் தரவா சார்?"
"எதுக்கு? குதிரை எப்படிப் போகும்னு
அவகிட்டத்தான் இப்பக் கேட்டுக்கிட்டிருக்கேன்."
தேவகோட்டை உமையாள் டீச்சர்
மகன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று
எனக்கு ஃபோன் போட்டுக் கேட்பார்.
அடுத்த அறையில்தான் இருக்கிறான் அவன்.

என் வீட்டில் ஒன்பதரைக்கு ஸ்விட்சை அணைப்பேன்.
பேச்சே கிடையாது.
வாரத்துக்கு ஒரு பாஸ்வேர்ட்.
செல்வராணி ஒருமுறை சொன்னாள்:
"ஊருக்கெல்லாம் தண்ணி திறந்துவிட்டுட்டு
வீட்டுக் குழாயை இறுக்கி மூடுறீங்க."
சுபிக்ஷா ஒன்றும் சொல்லவில்லை.
பதினொன்றாம் வகுப்பு. சண்டை போட்ட நாளில்லை.
அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை
ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.
டீக்கடையில் இரண்டு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

போன வியாழக்கிழமை
புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடிக்குப் போனவன்
கீழே பார்த்தேன். மணி பன்னிரண்டே கால்.
முருங்கைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே
காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி ஒரு வெளிச்சம்,
அதற்கு மேலே அவள் முகம்.
ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துத் தேய்த்து
கொசுவை ஓட்டிக்கொண்டு நின்றாள்.

அது பக்கத்து வீட்டு நாச்சியப்பன் சாரின் இணைப்பு.
நான் போட்டது. அந்தத் தெருவே நான் போட்டது.
சோம்பலில் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்:
என் பெயரில் நாலு எழுத்து, ஒன்று இரண்டு மூன்று.
ஃபோனில் அதை எத்தனை பேருக்கு
எத்தனை முறை சத்தமாகச் சொல்லியிருப்பேன்,
எதிரே உட்கார்ந்து அவள் ஹோம்வொர்க் எழுதுகையில்!

இறங்கிப் போனேன்.
படிக்கு ஒன்றாகத் திட்டுச் சொல் சேர்த்தேன்.
கிட்டே போனதும் திரையை நெஞ்சோடு கவிழ்த்தாள்.
யாரோடு பேசினாள், என்ன பார்த்தாள்,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
தெரிந்தது அவள் கால்தான்.
முழங்கால் வரை தடிப்புத் தடிப்பாக.
ஒரு நாள் கடி இல்லை அது.
எத்தனை நாளாக என்று கேட்க வாய் வரவில்லை.

உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டேன்.
ஒவ்வொன்றாக நான்கு பச்சை விளக்கு.
திரும்பி வந்து, முருங்கையைப் பார்த்துக்கொண்டு,
"போய்ப் படி" என்றேன்.
அவள் தலையைக் குனிந்து
இருட்டில் செருப்பைத் துழாவினாள்.
"இல்லம்மா.
அதான் பாஸ்வேர்ட். இந்த வாரத்துக்கு."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.
நாச்சியப்பன் சார் வீட்டு ஏசி
எங்கள் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

"எல்லாமே சின்னதுதான்" என்றேன்.