பொத்தான்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்,
நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
ஷேர் ஆட்டோவில் என் தோளை இடித்தபடி ஒருத்தி
போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறாள்.
கண்ணை மூடி, பேசும் ஆண்டவரே என்கிறேன்.
ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்,
கூட்ஸ் வண்டி பயந்து நகர்ந்துவிடும் என்பதுபோல.

எனக்கு வேலை காது பார்ப்பது.
ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில்
கனத்த கதவு போட்ட சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு.
உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்போன், பொத்தான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
"சத்தம் கேட்டா அமுக்குங்க,
எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி.
கேக்கலைன்னா சும்மா இருங்க."

கடைசி வரிதான் யாருக்கும் முடிவதில்லை.
நான் எதுவும் அனுப்பாத நேரத்தில்
விளக்கு எரியும்.
பொய்யென்று சொல்ல மாட்டேன்.
கேட்டிருக்கும்தான் அவர்களுக்கு,
தேர்ச்சி பெறவேண்டும் என்ற தவிப்பு
காதுக்குள் அடித்த மணி.
தாளில் அதை நான் குறிப்பதில்லை.

வியாழன் மாலை ஜெபக்கூட்டம்,
தண்டையார்பேட்டையில் மாவு மில்லுக்கு மேலே.
எப்சிபா அக்காவோடு கர்த்தர் தினமும் பேசுகிறார்:
எந்தச் சீட்டில் சேரவேண்டாம்,
மகளுக்கு வந்த வரனில் என்ன கோளாறு,
எல்லாம்.
ஒருமுறை நானும் கை தூக்கினேன்.
"சமாதானம்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு."
ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள்.
வீடு வந்து சேரும்வரை காது மடல் சுட்டது.

போன செவ்வாய்க்கிழமை செபமாலை வந்தார்.
துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டி
முப்பத்தொரு வருஷம்.
மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாகச்
சுத்தியல் தின்று முடித்திருந்தது.
நாலாயிரத்தில் அறுபது வைத்தேன். இல்லை.
எழுபது. இல்லை.
கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது, அமுக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாய் ஒன்று
தட்டிவிடவும் இல்லை.
தலையை ஒரு பக்கம் சாய்த்து
கேட்காததையும் கேட்டுக்கொண்டு
அப்படியே இருந்தார் மனுஷன்.
எண்பத்தைந்தில் எரிந்தது விளக்கு.
அந்த வருஷத்தில் நான் முழுசாய் நம்பிய விளக்கு அது.

வெளியே வந்து, சத்தமாகத்தான் சொன்னார்,
அவருக்கு எல்லாம் சத்தமாகத்தான்:
"உள்ள நல்லாருந்துச்சும்மா. என் மூச்சு
எனக்கே தெரிஞ்சுச்சு. இன்னும் செத்த நேரம் உக்காரட்டா?"
வராந்தாவில் பதினெட்டுப் பேர்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அன்று எல்லோரும் போனபிறகு
அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.
முழங்கால் போட இடமில்லை, நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முதலில் ரத்தம் ஓடும் இரைச்சல்.
அப்புறம் கேஸ் புக் பண்ணாதது.
அப்புறம் ஸ்டீபன், அப்பாவின் வீட்டை விற்ற அன்று
அண்ணன் என்ற சொல்லை நான் நிறுத்தியது.
ஒவ்வொன்றுக்கும் விரல் துடித்தது.
இது நான். இதுவும் நான்.
கூச்சலெல்லாம் நானே என்று தெரிந்தபிறகு
எதுவும் மிச்சமில்லாத ஒரு இடம் வந்தது.
பேசும் என்று நான் சொல்லவில்லை.
அங்கே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்,
பொத்தானை நான் அமுக்கவில்லை.

வெளியே வந்து செபமாலையின் அட்டையைத் தேடி எடுத்தேன்.
போன் போட்டால் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது.
ஒரு தபால் கார்டில், பெரிய எழுத்தில் எழுதினேன்:
சனிக்கிழமை ஒரு மணிக்குமேல் அறை காலி.
ஸ்டீபனுக்கு இன்னும் எழுதவில்லை.

வியாழன் சாயங்காலம் வட்டம் சுற்றி என்னிடம் வந்தது.
"உன்கிட்ட ஆண்டவர் என்ன பேசினார்?"
"இந்த வாரம் ஒண்ணும் கேக்கலைக்கா" என்றேன்.
எப்சிபா அக்கா வாயைத் திறந்தார்.
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
கீழே மாவு மில் இழுத்து இழுத்து நின்றது.
ஃபேன் நின்றது.
இருட்டில் பதினோரு பேர்,
ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை,
கொஞ்ச நேரம்.