கால் சுற்று

வெளியே மைனஸ் முப்பது.
தண்டர் பேயில் ஏரி உறைந்து ஒரு மாதமாகிறது.
நிலவறையில் நானும் ஓர்வோவும்
காலியான கரியமில வாயு சிலிண்டரைப் பார்த்தபடி நிற்கிறோம்,
துக்க வீட்டில் யார் முதலில் பேசுவது என்று தெரியாதவர்கள் போல.
வெள்ளிக்கிழமை நிரப்பியது.
இன்று சனி.

ஓர்வோ என் மனைவியின் தம்பி.
மனைவி இப்போது இல்லை.
சாகவில்லை, வின்னிபெக்கில் நன்றாக இருக்கிறாள்.
மச்சினன் மட்டும் மிச்சம்.
வீட்டையும் காரையும் சரிபாதியாக அறுத்துக் கொடுத்த வக்கீல்
நாங்கள் இருவரும் காசு போட்டு வாங்கிய
ஐம்பது லிட்டர் கொப்பரையை
எந்தத் தாளிலும் எழுத மறந்துவிட்டார்.
அதனால் வாராவாரம் வருகிறான்,
பூட்ஸ் நிறையப் பனியோடு.

இந்தக் கொப்பரை எங்களைப் படுத்தாத பாடில்லை.
அக்டோபரில் வெப்பமானி.
அறுபத்தேழு என்றது, நம்பினோம்.
பீர் கழுநீராய் மெலிந்து வந்தது.
ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஐந்து காட்டுகிறது.
ஐந்து டிகிரி பொய்,
ஆனால் எப்போதும் அதே ஐந்து.
ஒரே அளவில் பொய் சொல்பவரோடு குடித்தனம் நடத்திவிடலாம்,
கழித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் பம்பு. உறுமும், இறைக்காது.
பகலெல்லாம் துறைமுகத்துத் தானியக் கிடங்கில்
முந்நூறு அடிப் பட்டைகளை ஓடவைக்கிறவன் நான்,
இந்த உள்ளங்கை அளவு யந்திரத்தின் முன்
மண்டியிட்டுக் கெஞ்சினேன்.
தலைக்குள் காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான்.
குழாயைத் தாழ்த்தி வால்வைத் திறந்ததும்
ஏப்பம் விட்டு வேலையைப் பார்த்தது.

நவம்பரில் நொதிகலம் மூன்று நாள் மூச்சுவிடவில்லை.
மூடிமேல் காற்றுப்பூட்டில் ஒரு குமிழி இல்லை.
ஈஸ்ட் செத்துப்போச்சு, சாக்கடையில் ஊற்று என்றான் ஓர்வோ.
திறந்தால்,
சுவரெல்லாம் காய்ந்த நுரையின் பழுப்பு வளையம்.
உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.
மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடங்கி,
வந்த வாயுவெல்லாம் சத்தமில்லாமல்
பக்கவாட்டில் வெளியேறியிருக்கிறது.

சரி, இன்றைய கதை.

வேறு சிலிண்டர் மாட்டினோம்.
கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், பழைய பெயின்ட் பிரஷ்.
அவன் டார்ச் பிடிக்க நான் தடவினேன்.
பீப்பாய் மூடி, ஒன்றுமில்லை.
குழாய்ப் பூட்டு, கவ்வி, ஒன்றுமில்லை.
டி-வடிவ இணைப்பு, அது மேல்தான் எனக்குச் சந்தேகம்,
அதுவும் யோக்கியன்.
கடைசியாக ரெகுலேட்டரின் பெரிய நட்டு.
அங்கே
கடுகளவு, மிளகளவு, கோலிக்குண்டளவு
நுரை எழுந்து எழுந்து உடைந்தது.

இதை யார் முடுக்கியது?

நான்.

ஸ்பேனர் போட்டு முடுக்கினாயா?

கசியக் கூடாதே என்று
ஒரு சுற்று. பிறகு பயத்தில் இன்னொன்று.

கழற்றினான்.
நைலான் வாஷர் நசுங்கிப் பிதுங்கி
ஓரத்தில் விண்டிருந்தது.
விரல் நுனியில் வைத்து எனக்குக் காட்டினான்.
கையால் முடுக்கிவிட்டு மேலே கால் சுற்று போதும் ரெய்னோ,
அதற்கு மேல் முடுக்கினால் நீயே உடைக்கிறாய்.

அவன் அக்கா வின்னிபெக் பஸ்ஸில் ஏறியபோது சொன்னதும்
ஏறக்குறைய இதே நீளம்தான்.

அவன் சட்டைப்பையில் புது வாஷர் இருந்தது,
நாற்பது காசு.
மாட்டினான். மறுபடி சோப்பு.
நுரை வராத இடத்தை
இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனி வர மாட்டேன், என்றான் கிளம்பும்போது,
அக்கா வீடு மாறுகிறாள், சாமான் தூக்கணும்.

பீப்பாயிலிருந்து ஆறு பாட்டில் பிடித்தேன்.
யாருக்கு என்று நான் சொல்லவில்லை,
அவன் கேட்கவில்லை.
மூடியடிக்கும் கருவியை மெல்ல அழுத்தினேன்,
கால் சுற்றை நினைத்துக்கொண்டு.

இதை நல்லா அழுத்துடா, என்றான்,
இது வேற.