மாவுத் தராசு

ரொட்டி மாவு நிறுக்கும் தராசு அது.
தட்டின் விளிம்பில் காலை ஓட்ஸ் கொஞ்சம்.
ரூரி துடைக்கவில்லை, ஊதினான்.
பிறகு கூடாரத்தை வைத்தான்.

ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம்.
நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி
சுருண்டு கிடந்தது.
இதற்குள் இருவர் படுக்கலாமாம்,
பிப்ரவரியில், கேர்ன்கார்ம் மேட்டில்.

என் பழைய கூடாரம்
அந்தத் தட்டில் நிற்கவேயில்லை.
குளியலறை எடைப்பொறியில் அதை நான் தூக்கிக்கொண்டு ஏற,
மொத்தத்தில் என்னைக் கழித்தோம்.
மூன்றரைக் கிலோ.
கழித்த எண்ணை அவன்
அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

"நான்கு கழி, இஷ்பெல். இதைச் சுமந்து ஏறினால்
கூடாரம் போட உனக்குக் கை இருக்காது."
"அதைச் சுமந்து ஏறினால்
விடியும்போது கூடாரமே இருக்காது."
கெட்டில் இருமுறை கொதித்து ஆறியது.
கிங்யூசித் தெருவில் விளக்கெல்லாம் அணைந்தபின்
நான் தோற்றேன்.

உறக்கப்பையில் சண்டை இல்லை.
வாத்துத் தூவிதான்:
அமுக்கினால் ஒரு ரொட்டியளவு,
விட்டால் கட்டில் நிறைய.
ஈரம் பட்டால் மட்டும் அது தூவியல்ல, களி.
ஆகவே பிளாஸ்டிக் உறை இரண்டு.
பதினெட்டு கிராம் என்று
எரிவாயு பில்லின் முதுகில் எழுதிக்கொண்டான்.

பல்துலக்கியின் காம்பை அறுத்தான்.
நாங்கள் போகாத கிழக்குப் பாதியை
வரைபடத்திலிருந்து வெட்டினான்.
கரண்டி இருவருக்கும் ஒன்று என்றான்.
குண்டுமணி குண்டுமணியாகக் குறைத்துக்கொண்டே வந்தவன்
தங்கை மோர்வென் அனுப்பிய பழக் கேக்கை
தராசுப் பக்கமே கொண்டுவரவில்லை.

கடைசியில் என் மஞ்சள் நுரைப்பாய்.
நானூறு கிராம், ஒரு மூலை நாய் கடித்தது.
"காற்றுப்பாய் இரண்டு இருக்கிறதே, இது எதற்கு?"
அவன் கயிறு எடுக்கக் கொட்டகைக்குப் போனான்.
பனிக்கோடரிக்குப் பக்கத்தில், பைக்கு வெளியே,
அதை இறுக்கிக் கட்டினேன்.
மறைக்கவில்லை. அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேட்டில் முளை எதுவும் நிற்கவில்லை.
கடைப் பைகளில் பனியை அடைத்துப் புதைத்து,
மிதித்து, அதில் கயிறு கட்டினோம்.
மூன்று மணிக்கு வாடை எழுந்தது.
துணி குழிந்து என் முகத்தைத் தொட்டது, நிமிர்ந்தது.
தொட்டது, நிமிர்ந்தது.
ஒற்றைக் கழி வில்லாய் வளைந்தது.
ஒடியவில்லை.
இதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

போனது அவன் காற்றுப்பாய்.
எங்கோ கிராம்பான் முள் தொட்ட துளை.
அத்தனை பெரிய காற்றுக்கு நடுவே
ஒரு சின்னக் காற்று
தன்பாட்டுக்கு வெளியேறும் ஓசை.
அடியில் பனி
அவன் முதுகை எலும்பு எலும்பாக எண்ணத் தொடங்கியது.
கால்மணி நேரம் மானம் காத்தான்.
பிறகு இருட்டில், "அந்த மஞ்சள்..."
"இருக்கிறது."

நுரை மட்டும் போதாத குளிர்.
கீழே அது, அதன்மேல் என் பாய்,
அதன்மேல் ஒருக்களித்து இருவர்.
அகலம் ஐம்பது சென்டிமீட்டர்.
இடுக்கில் தண்ணீர்ப் புட்டி, எரிவாயுக் குப்பி,
உறையாதிருக்க நான்கு கையுறை.
ஒருவர் புரள நினைத்தால்
இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்.
இரண்டு முறை சொன்னான்.
மூன்றாம் முறை நான் தூங்கிவிட்டேன் போல.

விடிந்தபோது உள்துணி முழுக்க வெண்பூ.
விரல் பட்டதும் கழுத்துக்குள் உதிர்ந்தது.
தட்டி முடிக்க நேரமில்லை, அப்படியே சுருட்டினோம்.

வீட்டில் பூட்ஸ் கழற்றுமுன்
தராசைத்தான் எடுத்தான்.
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.
தட்டிலிருந்து நீர் சொட்டியது.
நானூற்று ஐம்பது கிராம் எங்கிருந்து வந்தது என்று
பில்லைப் புரட்டிப் பார்த்தவன்
கொஞ்சம் யோசித்து,
பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதினான்:
மூச்சு, இருவர்.

கூடாரத்தைக் குளியல்தொட்டிக்கு மேல் தொங்கவிட்டு
மீதிக் கேக்கை நின்றபடியே தின்றோம்,
அலமாரி நிறையக் கரண்டி இருந்தும்
அந்த ஒன்றாலேயே.