சுவைக்

ஊரின் பெயர் சுவைக்.
வந்த முதல் மாதம் அதைத் தமிழில் எழுதிப் பார்த்து
நானே சிரித்துக்கொண்டேன்.
இப்போது அது பாதியில் நிறுத்திய கட்டளை போல் இருக்கிறது.

மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
குழாயில் தேங்கியது போகட்டும்,
ஆழத்தில் இருப்பது வரட்டும்.
புட்டியை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி
நான்காம் தடவை பிடிக்க வேண்டும்.
அதற்குள் ரொகிபுல்
உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்து
"பத்துக்கு மேல" என்றுவிட்டான்.
மீட்டர்
பதினொன்று புள்ளி நான்கில் நின்றது.
என் மீட்டரை மாதம் ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.
அவன் நாக்குக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

உப்பு ஏற ஏற மின்சாரம் சுலபமாய் ஓடும்.
கம்பிக்குப் பிடித்த தண்ணீர்
வேருக்குப் பிடிப்பதில்லை.

எலுமிச்சைதான் முதலில் போனது,
இலை நுனியில் தீ வைத்ததுபோல் கருகி.
பிறகு மா.
வாழை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
மிச்சம் பேரீச்சையும் மாட்டுப் புல்லும்.
பாத்தி ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருப்பதை
ஆடுகள் நக்குகின்றன.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே தண்ணீரே உப்புத் தின்றிருக்கிறது,
அது எதைக் குடிக்கும்?
நான் வேதாரண்யத்துக்காரன்.
உப்பை மூட்டை கட்டி விற்கிற ஊர்.
இங்கே அது இலவசமாய் வருகிறது,
வேண்டாமென்றாலும்.

"இன்னும் இருபது மீட்டர் இறக்கினால்?"
ஹுமைத் கேட்டார்.
என் அரபி அவ்வளவு ஆழம் போகாது.
ஒரு விரலைக் கீழே இறக்கிக் காட்டினேன்:
நல்ல தண்ணீர் இவ்வளவு குறைந்தால்.
பிறகு பத்து விரலையும்
நான்கு தடவை மேல்நோக்கி விரித்தேன்:
அடியிலிருந்து ஏறுவது இவ்வளவு.
"பஹர்," என்றார்.
ஆமாம், கடல்.

நோட்டைப் புரட்டினார்.
மூன்று வருடத்து எண்களில்
ஒன்றே ஒன்று இறங்கியிருக்கிறது, ஒன்பது புள்ளி எட்டு.
மோட்டார் எரிந்து
பதினோரு நாள் ஊமையாய்க் கிடந்த அக்டோபர்.
காயில் சுற்றித் தர ஆள் கிடைக்காமல்
அவர் தலையில் அடித்துக்கொண்ட அந்தப் பதினோரு நாளும்
கடல் ஓர் எட்டுப் பின்வாங்கியிருக்கிறது.
அந்த எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தபடி
வெகுநேரம் நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம்
பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள்,
இரண்டு,
ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன.

பம்ப் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்:
11.4.
குறைத்து எழுதித் தரச் சொல்வார் என்று
வழியெல்லாம் பதில் தயாரித்து வந்திருந்தேன்.
அவர் கேட்கவில்லை.

கை கழுவினேன்.
சோப்பு நுரைக்கவில்லை.
ரொகிபுல்
பேரீச்சைப் பக்கம் வால்வைத் திறந்தான்.
உச்சி வெயில், வேறென்ன செய்வது.